ஆய்வகத்தில் முதல் வேதிவினைகள்: செய்வது எப்படி, பார்ப்பது எப்படி

பள்ளி ஆய்வகங்களில் அடிக்கடி நடக்கும் ஒன்று இது. காப்பர் சல்பேட் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் நீல நிறம் பச்சையாக மாறும் என்று புத்தகத்தில் இருக்கும். மாணவர் குழாயைப் பார்ப்பார். பச்சை தெரியாது, வெளிறிய நீலம்தான் தெரியும். ஆனாலும் பதிவேட்டில் ‘பச்சை’ என்று எழுதிவிடுவார். மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அங்கே சோதனை எதுவும் நடக்கவில்லை. கண் முன்னால் இருந்ததை விட்டுவிட்டு, அச்சில் இருந்ததைப் படியெடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

முதன்முறையாக ஆய்வகத்துக்குள் போகிறவர்களுக்கும், அவர்களுக்குத் துணையாக நிற்கும் ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன். சில எளிய வேதிவினைகளை எப்படிச் செய்வது, எவ்வளவு எடுப்பது, எங்கே தவறிப்போகும், எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எல்லாமே ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டியவை. தனியாக, வீட்டில், கிடைத்த பாட்டிலைக் கொண்டு செய்து பார்க்க வேண்டாம்.

வினை நடந்ததா என்று எப்படிச் சொல்வது?

நிறம் மாறுவது, வாயு வெளியேறுவது, தெளிந்த கரைசலில் திடப்பொருள் தோன்றுவது, சூடாவது அல்லது குளிர்வது, ஒளி வருவது, புதிய மணம் எழுவது. வேதிவினைக்கு அடையாளமாக இவற்றைச் சொல்வார்கள். சரிதான். ஆனால் ஒவ்வொன்றும் ஏமாற்றக்கூடியது. தண்ணீரைச் சூடாக்கினால் கொதிக்கும் முன்பே குமிழ்கள் வரும். அது தண்ணீரில் கரைந்திருந்த காற்று, வினை எதுவும் இல்லை. அம்மோனியம் குளோரைடை நீரில் கரைத்தால் குழாய் சில்லென்று ஆகும். அங்கே புதுப் பொருள் எதுவும் உண்டாவதில்லை, கரைதல் மட்டுமே நடக்கிறது. நீலக் கரைசலில் தண்ணீர் ஊற்றினாலும் நிறம் வெளிறும்.

அதனால் ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ‘புதிய பொருள் ஏதாவது உண்டாகியிருக்கிறதா, அதை எப்படிக் காட்டுவேன்?’ என்று கேளுங்கள். கீழே வரும் ஒவ்வொரு சோதனையிலும் இந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடப் போகிறோம்.

தொடங்கும் முன்

பாதுகாப்புக் கண்ணாடியை முதலில் போடுங்கள், கடைசியாகக் கழற்றுங்கள். உங்கள் சோதனை முடிந்துவிட்டாலும் பக்கத்து மேசையில் ஒருவர் குழாயைச் சூடாக்கிக்கொண்டிருப்பார். நீண்ட கூந்தலைக் கட்டுங்கள், தொங்கும் துணியைச் செருகிக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் எதையும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம், தண்ணீர்கூட.

புதியவர்கள் அமிலத்துக்குப் பயப்படுவார்கள், காரத்தை அலட்சியமாகக் கையாளுவார்கள். இதை மாற்றிக்கொள்ள வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணில் பட்டால் அமிலத்தைவிட ஆழமாகத் திசுவுக்குள் இறங்கும். விரலில் பட்டால் உடனே எரியாமல் வழவழப்பாக இருக்கும். தோலின் கொழுப்பையே அது சோப்பாக மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அந்த வழவழப்புக்குப் பொருள். உடனே நிறைய நீரில் கழுவ வேண்டும்.

அமிலம், காரம் எது தோலில் பட்டாலும் ஓடும் நீர்தான் மருந்து. அமிலம் பட்ட இடத்தில் காரத்தை ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். நடுநிலையாகும்போது வெளிவரும் வெப்பம் புண்ணைப் பெரிதாக்கும். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து, குறைந்தது 15 நிமிடம் விடாமல் நீர் விட்டுக் கழுவி, மருத்துவரிடம் போக வேண்டும்.

அமிலத்தை நீர்க்கச் செய்வது ஆசிரியரின் வேலை. எப்போதும் தண்ணீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. அடர் சல்பூரிக் அமிலம் நீருடன் சேரும்போது மிகுந்த வெப்பம் வரும். மேலே விழும் சிறிதளவு நீர் அங்கேயே கொதித்து அமிலத்தோடு தெறித்துவிடும்.

குழாயைச் சூடாக்குவதற்கு மூன்று பழக்கங்கள் போதும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். வாயை யார் பக்கமும் திருப்பாதீர்கள், உங்கள் பக்கமும்தான். ஒரே இடத்தில் சுடரைக் காட்டாமல் குழாயை மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள். மணம் பார்க்க வேண்டுமானால் குழாயை மூக்கருகே கொண்டுபோகாமல், கையால் விசிறி லேசாக முகருங்கள்.

அப்புறம் குறிப்பேடு. பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் ‘பார்த்தது’, வலப்பக்கம் ‘புரிந்துகொண்டது’. ‘நிறமற்ற வாயு, மணமில்லை, குமிழ்கள் ஆணியின் அடிப்பகுதியிலிருந்து வந்தன’ என்பது இடப்பக்கம். ‘ஹைட்ரஜன் வந்தது’ என்பது வலப்பக்கம். ஹைட்ரஜனை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, குமிழைத்தான் பார்க்கிறோம். இந்தக் கோட்டை மதிக்கப் பழகிவிட்டால் பாதி வேதியியல் கைக்கு வந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதல் சோதனை: ஆணியும் நீலக் கரைசலும்

இதற்குச் சுடர் வேண்டாம், அமிலம் வேண்டாம். ஆனால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அதனால் இதையே முதலில் செய்யச் சொல்வேன்.

1. 2 கிராம் காப்பர் சல்பேட் படிகத்தை 100 மி.லி. நீரில் கரையுங்கள். இன்னும் அடர்த்தியாகக் கரைத்தால் நிறம் குறைவது கண்ணுக்குத் தெரிய வெகுநேரம் ஆகும்.

2. சாதாரண இரும்பு ஆணிகள் இரண்டு எடுத்து, உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேயுங்கள். துத்தநாகம் பூசிய ஆணியும் துருப்பிடிக்காத எஃகு ஆணியும் இதற்கு ஆகாது. பூச்சும், எண்ணெய்ப் பிசுக்கும், துருவும் கரைசலை இரும்பிடம் அண்டவிடாது. சோதனை தோற்பதற்கு முதல் காரணம் இந்தத் தேய்த்தலைச் சரியாகச் செய்யாததுதான்.

3. இரண்டு சோதனைக் குழாய்களில் 10 மி.லி. வீதம் கரைசல் ஊற்றுங்கள். ஒன்றில் ஆணியை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். மற்றதில் எதையும் போடாதீர்கள். இரண்டாவது ஆணியை வெளியே தாளின்மேல் வையுங்கள்.

4. முதல் நிமிடத்தில், ஐந்தாவது நிமிடத்தில், அரை மணி நேரத்தில் பார்த்து எழுதுங்கள். முடிந்தால் மறுநாளும் பாருங்கள்.

எதுவும் போடாத குழாயும் வெளியே வைத்த ஆணியும் எதற்கு? ‘நிறம் குறைந்தது’ என்று சொல்ல, முன்பு எப்படி இருந்தது என்பது கண் முன்னால் இருக்க வேண்டும். நினைவில் இருக்கும் நீலத்தை நம்ப முடியாது. இரண்டு குழாய்களையும் சேர்த்து ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்தால் சிறிய வேறுபாடுகூடத் தெரியும்.

ஆணியின்மேல் செம்பழுப்பாக ஒரு படலம் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். அது தாமிரம். இரும்பு தாமிரத்தைவிட வினைத்திறன் மிக்கது. எனவே அது கரைசலுக்குள் போக, தாமிரம் வெளியே வந்து படிகிறது:

இரும்பு + காப்பர் சல்பேட் → இரும்பு சல்பேட் + தாமிரம்

நீலம் மெல்ல மெல்லக் குறையும். ஆனால் பச்சை? இவ்வளவு நீர்த்த கரைசலில் இரும்பு சல்பேட்டின் நிறம் மிக வெளிறிய பச்சை, கிட்டத்தட்ட நிறமற்றது. மிச்சமிருக்கும் நீலம் அதை மறைத்தும்விடும். மறுநாள் பார்த்தால் காற்றின் ஆக்சிஜன் பட்டு மஞ்சள் கலந்த பழுப்பாகக் கலங்கியும் இருக்கலாம். ஆகவே ‘வெளிறிய நீலம்’ தெரிந்தால் அதையே எழுதுங்கள். ‘மறுநாள் அடியில் பழுப்புக் கலங்கல்’ என்றால் அதையும் எழுதுங்கள். நீங்கள் எழுதியது தவறில்லை. புத்தகத்தின் ஒரு வரியில் இடமில்லாமல் போன உண்மை அது. ஆசிரியர்களும் இப்படி எழுதும் மாணவருக்கு மதிப்பெண் குறைக்காமல், ஏன் இப்படி வந்தது என்று கேட்டால் வகுப்பே உயிர்பெறும்.

இதே சோதனையைக் கொஞ்சம் நீட்டலாம். ஆணிக்குப் பதில் துத்தநாகத் துண்டைப் போடுங்கள். வினை வேகமாக நடக்கும், கரைசல் நிறமற்றதாகும். ஆனால் மேலே படிவது செம்பழுப்பாக இல்லாமல் கறுப்பாகத் தெரியும். அதுவும் தாமிரம்தான். மிக நுண்ணிய துகள்களாகப் படிவதால் கறுப்பாகத் தோன்றுகிறது. அடுத்து, இரும்பு சல்பேட் கரைசலில் தாமிரக் கம்பியைப் போடுங்கள். ஒன்றும் நடக்காது. ‘மாற்றம் எதுவும் இல்லை’ என்று எழுதுங்கள். அது வெற்றிகரமான ஒரு சோதனை. ஏனென்றால் இரும்பு தாமிரத்தை வெளியேற்றும், தாமிரம் இரும்பை வெளியேற்றாது என்ற வரிசை இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நிறுவப்படுகிறது.

இந்த வினைத்திறன் வரிசையில் அலுமினியம் இரும்புக்கு மேலே இருக்கிறது. ஆனாலும் காப்பர் சல்பேட்டில் போட்டால் சும்மா கிடக்கும். அதன் மேல் எப்போதும் இருக்கும் ஆக்சைடு படலம் தடுத்துக்கொள்கிறது. கரைசலில் ஒரு சிட்டிகை சாதாரண உப்பைப் போட்டால் குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். பிறகு நுரைத்துச் சூடாகி வேகமாக நடக்கும். சிறிய துண்டு போதும், ஆசிரியர் செய்து காட்டட்டும்.

வாயு வரும் வினைகள்

சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்தால் நுரை பொங்கும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பெரும்பாலும் அந்த நுரையைப் பார்த்து ரசித்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். நுரையில் இருப்பது எந்த வாயு என்று காட்டினால்தான் அது சோதனை ஆகும்.

அதற்குச் சுண்ணாம்பு நீர் வேண்டும். கால்சியம் ஹைட்ராக்சைடைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கி, ஓரிரவு மூடிவைத்து, மேலே தெளிந்ததை மட்டும் வடிகட்டி எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் நீரில் 2 கிராம்கூட அது கரையாது. எனவே அடியில் வண்டல் நிற்பது இயல்பு. பாட்டிலைத் திறந்து வைத்தால் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடே அதைக் கலங்கவைத்துவிடும். பயன்படுத்தும் முன் அது தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கூம்புக் குடுவையில் 1 கிராம் சமையல் சோடா எடுங்கள். 15 மி.லி. வினிகரைச் சேர்த்து, போக்குக் குழாய் செருகிய தக்கையால் மூடி, குழாயின் மறுமுனையைச் சுண்ணாம்பு நீருக்குள் விடுங்கள். வெண்மையாகக் கலங்கும், ‘பால்போல் மாறியது’ என்று சொல்வார்கள். கரையாத கால்சியம் கார்பனேட்தான் அந்த வெண்மை. வாயுவைத் தொடர்ந்து செலுத்தினால் கலங்கல் மறைந்து மறுபடி தெளியும். கார்பனேட் இப்போது கரையக்கூடிய ஹைட்ரஜன் கார்பனேட்டாக மாறியிருக்கும். அந்தத் தெளிந்த கரைசலைச் சூடாக்குங்கள், மீண்டும் கலங்கும். முதல் கலங்கலோடு நிறுத்துபவர்களுக்கு இந்த இரண்டு திருப்பங்களும் தெரியாமலே போய்விடுகின்றன.

வினைக்கு முன்பும் பின்பும் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். வெப்பநிலை இறங்கியிருக்கும். வேதிவினை என்றாலே சூடாகும் என்ற எண்ணம் இங்கே உடையும். இது வெப்பக்கொள் வினை.

ஒரு எச்சரிக்கை. 1 கிராம் சமையல் சோடா முழுதும் வினைபுரிந்தால் அறை வெப்பநிலையில் கிட்டத்தட்ட 285 மி.லி. கார்பன் டை ஆக்சைடு வரும். அது ஒரு பெரிய டம்ளர் கொள்ளும் அளவைவிட அதிகம். மூடியை இறுக்கிய பாட்டிலில் இதைச் செய்தால் பாட்டில் வெடிக்கலாம். வாயு வெளியேற வழி இருந்தே ஆக வேண்டும்.

அடுத்து ஹைட்ரஜன். சோதனைக் குழாயில் இரண்டு மூன்று துத்தநாகத் துண்டுகள், 5 மி.லி. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். குமிழ்கள் மெதுவாக வந்தால் இரண்டு சொட்டு காப்பர் சல்பேட் கரைசல் விடுங்கள், வேகம் கூடும். துத்தநாகத்தின்மேல் படியும் தாமிரம்தான் அதற்குக் காரணம். வாயுவைச் சோதிக்க, வினை நடக்கும் குழாயின் வாயில் தீக்குச்சியைக் காட்டாதீர்கள். வேறொரு சிறிய சோதனைக் குழாயை அதன்மேல் கவிழ்த்துப் பிடியுங்கள். ஹைட்ரஜன் காற்றைவிட லேசானது என்பதால் மேலே ஏறி நிறையும். பிறகு அந்தக் குழாயைக் கவிழ்த்தபடியே அமிலக் குழாயிலிருந்து தள்ளிக் கொண்டுவந்து, எரியும் குச்சியை வாயருகே காட்டுங்கள். ‘பப்’ என்று ஒலி கேட்கும். ஹைட்ரஜனுடன் காற்றும் கலந்திருப்பதால் வரும் ஒலி அது. தூய ஹைட்ரஜன் அமைதியாக எரியும். பெரிய பாத்திரத்தில் சேர்த்து ‘பெரிய சத்தம்’ கேட்க நினைப்பது மிக ஆபத்தானது. உலோகத்தில் அமிலம் பட்டு வரும் இந்த வாயுவை 1766-இல் ஆங்கில வேதியியலாளர் ஹென்றி கேவண்டிஷ் தனியாகச் சேகரித்து ஆராய்ந்தார். எரியும் காற்று என்றுதான் அதை அவர் அழைத்தார்.

ஆக்சிஜனுக்கு எளிய வழி: 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு 5 மி.லி., அரிசி அளவு மாங்கனீசு டை ஆக்சைடு. சுடரை ஊதி அணைத்து, முனையில் தணல் மட்டும் இருக்கும் குச்சியைக் குழாய்க்குள் விட்டால் மறுபடி பற்றிக்கொள்ளும். கறுப்புத் தூள் அப்படியே அடியில் கிடக்கும். அது வினையூக்கி, வேகத்தைக் கூட்டிவிட்டுத் தான் செலவாகாமல் நிற்கிறது.

எடை மாறுகிறதா?

வினையில் மொத்த எடை மாறாது என்று காட்ட, பாட்டிலில் வினிகர், பலூனுக்குள் சமையல் சோடா வைத்து, பலூன் ஊதுவதைப் பார்த்து, தராசில் வைப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இந்தக் கருத்தை நிறுவ அது நல்ல சோதனை இல்லை. பலூன் ஊதியதும் தராசு குறைவாகக் காட்டும். வாயு எங்கும் போகவில்லை. ஊதிய பலூன் தன் அளவுக்குக் காற்றை விலக்குகிறது, அந்தக் காற்று அதை மேலே தாங்குகிறது. 285 மி.லி. காற்றின் எடை சுமார் 0.34 கிராம். 0.1 கிராம் வரை காட்டும் தராசிலேயே இது தெரிந்துவிடும். மாணவர் ‘எடை குறைந்தது’ என்று நேர்மையாக எழுதினால் அவரைத் திருத்தாதீர்கள், காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.

கருத்தை நேராகக் காட்ட, வாயு வராத ஒரு வினையே வசதி. கூம்புக் குடுவையில் சோடியம் கார்பனேட் கரைசல் ஊற்றுங்கள். கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்பிய சிறு குழாயை நூலில் கட்டி, உள்ளே சிந்தாமல் தொங்கவிட்டு, தக்கையால் மூடுங்கள். எடை பாருங்கள். பிறகு குடுவையைச் சாய்த்து இரண்டையும் கலக்குங்கள். கரையாத வெள்ளைத் திடப்பொருள், அதாவது வீழ்படிவு, தோன்றும். தராசின் எண் மாறாது. பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்டுவான் லவாய்சியே மூடிய பாத்திரத்தில் வெள்ளீயத்தைச் சூடாக்கி, மொத்த எடை மாறவில்லை என்று 1774-இல் காட்டியதும் இதே அடிப்படையில்தான்: பாத்திரத்தை மூடு, முன்னும் பின்னும் எடை பார்.

நீலப் படிகத்தைச் சூடாக்குதல்

உலர்ந்த சோதனைக் குழாயில் அரைக் கரண்டி காப்பர் சல்பேட் படிகம் எடுங்கள். குழாயை இடுக்கியில் பிடித்து, வாய்ப்பகுதி சற்றே கீழ்நோக்கிச் சாயும்படி வையுங்கள். இது முக்கியம். சூடாகும்போது படிகத்திலிருந்து நீராவி வந்து, குழாயின் வாய்ப்பக்கம் குளிர்ந்து துளியாகும். வாய் மேல்நோக்கி இருந்தால் அந்தத் துளி பின்னால் உருண்டு, சூடான அடிப்பகுதியில் பட்டுக் கண்ணாடி விரிசல் விடும்.

மிதமான சுடரில் மெதுவாகச் சூடாக்குங்கள். நீலம் வெளிறி வெண்தூளாகும். மிகக் கடுமையாகச் சூடாக்கினால் கறுக்க ஆரம்பிக்கும். அப்போது உப்பே சிதைந்து காப்பர் ஆக்சைடாகிறது, தீங்கான வாயுவும் வருகிறது. வெண்மை வந்ததும் நிறுத்திவிடுங்கள். குழாய் நன்றாக ஆறிய பிறகு ஒரே ஒரு சொட்டு நீர் விடுங்கள். நீலம் திரும்பும். குழாயின் அடியை வெளியிலிருந்து தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்.

இங்கே ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. வாய்ப்பக்கம் சேர்ந்த நிறமற்ற துளி தண்ணீர்தான் என்று எப்படித் தெரியும்? ‘பார்த்தது’ பக்கத்தில் ‘நிறமற்ற துளி’ என்று மட்டுமே எழுத முடியும். அந்தத் துளியை ஒரு கண்ணாடித் தண்டில் எடுத்து, ஏற்கெனவே செய்துவைத்த வெண்தூளில் தொடுங்கள். நீலமானால் அதில் நீர் இருக்கிறது. சோதனையின் விளைபொருளே அடுத்த சோதனைக்குக் கருவியாகிறது. பள்ளிச் சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வீழ்படிவு

மஞ்சள் வீழ்படிவுக்காக லெட் நைட்ரேட்டையும் பொட்டாசியம் அயோடைடையும் கலக்கும் சோதனை பல புத்தகங்களில் உண்டு. நிறம் கண்ணைப் பறிக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஈயச் சேர்மங்கள் நச்சு, உடலில் தங்கிச் சேரும். புதியவர்கள் கையில் அதைக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை என்பது என் கருத்து. இரட்டை இடப்பெயர்ச்சியை, அதாவது இரண்டு சேர்மங்கள் தங்கள் கூட்டாளிகளை மாற்றிக்கொள்வதைக் காட்ட, கையிலிருக்கும் காப்பர் சல்பேட்டே போதும்.

2 மி.லி. காப்பர் சல்பேட் கரைசலில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கூழ்போல நீல வீழ்படிவு வரும், அது காப்பர் ஹைட்ராக்சைடு. குழாயைச் சுடுநீர் நிரம்பிய முகவைக்குள் வையுங்கள், சுடரில் நேராகக் காட்டினால் கூழ் துள்ளித் தெறிக்கும். நீலம் கறுப்பாகும், அது காப்பர் ஆக்சைடு. ஆறியதும் நீர்த்த சல்பூரிக் அமிலம் சில சொட்டு விட்டு மெல்லச் சூடேற்றினால் கறுப்புக் கரைந்து, தெளிந்த நீலக் கரைசல் திரும்பி வரும். தாமிரம் மூன்று வேடம் போட்டு, தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது. அணு அழிவதில்லை, கூட்டாளிதான் மாறுகிறது என்பதைக் கையால் செய்து பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அமிலமும் காரமும்

கூம்புக் குடுவையில் 10 மி.லி. நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு, அதில் இரண்டு சொட்டு பினாப்தலீன் (காரத்தில் மட்டும் நிறம் காட்டும் நிறங்காட்டி). இளஞ்சிவப்பாகும். அடியில் வெள்ளைத் தாள் வைத்து, அதே செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுக் குழாயால் விட்டுச் சுழற்றிக்கொண்டே இருங்கள். தொடக்கத்தில் அமிலம் விழுந்த இடத்தில் மட்டும் நிறம் போய், சுழற்றியதும் திரும்பும். அப்படித் திரும்ப நேரமாகத் தொடங்கினால் முடிவு நெருங்குகிறது. இனி ஒவ்வொரு சொட்டாகத்தான் விட வேண்டும். ஒரே சொட்டில் நிறம் முழுதும் போய்விடும். அதற்குமேல் எத்தனை சொட்டு விட்டாலும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அதனால்தான் அவசரப்படுபவர்களின் அளவு எப்போதும் கூடுதலாக வருகிறது.

அளவு சாடியில் திரவ மட்டம் வளைந்திருக்கும். அந்த வளைவின் அடிப்பகுதியைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து படியுங்கள்.

மக்னீசியம் நாடா

2 செ.மீ. நாடாவை உப்புத்தாளால் தேய்த்து, நீண்ட இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டுங்கள். பற்றியதும் பார்வையை விலக்கிக்கொள்ளுங்கள். அந்த வெண்ணொளியில் புற ஊதாக் கதிரும் இருக்கிறது, நேராகப் பார்த்தால் கண்ணைக் கெடுக்கும். எரியும் மக்னீசியத்தின்மேல் தண்ணீரோ கார்பன் டை ஆக்சைடு அணைப்பானோ கூடாது, இரண்டிலிருந்தும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு இன்னும் எரியும். உலர்ந்த மணல் பக்கத்தில் இருக்கட்டும்.

வெண்சாம்பலைப் பீங்கான் கிண்ணத்தில் சேர்த்து, சில சொட்டு நீர் விட்டு, சிவப்பு லிட்மஸ் தாளைத் தொடுங்கள், நீலமாகும், அது காரத்தன்மைக்கு அடையாளம். எரிந்தால் எடை குறையும் என்று நினைக்கிறோம். இங்கே கூடுகிறது. 24 கிராம் மக்னீசியம் முழுதும் ஆக்சைடானால் 40 கிராம் இருக்கும். ஆனால் புகையாகப் பறப்பதைப் பிடிக்காமல் திறந்த வெளியில் எரித்து எடை பார்த்தால் குறைவாகத்தான் வரும்.

சோதனை சரியாக வராவிட்டால்

முதலில் உலோகத்தின் மேற்பரப்பைப் பாருங்கள், தேய்த்தீர்களா? அடுத்து கரைசலின் பாட்டில், லேபிளும் செறிவும் சரிதானா? சுண்ணாம்பு நீர் பழையதா? ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டில் வெகுநாள் திறந்து கிடந்ததா? குழாயில் முந்தைய வகுப்பின் மிச்சம் ஒட்டியிருந்ததா? இவற்றில் ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி செய்யுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால், சரியாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

எழுதியதை அழிக்க வேண்டாம். ஒரே கோட்டால் அடித்துவிட்டு, பக்கத்தில் புதிதாக எழுதுங்கள். சமன்பாட்டைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் எழுதிவிட்டால் கண் அதையே தேடும்.

முடித்த பிறகு

மிஞ்சிய வேதிப்பொருளைத் திரும்பப் பாட்டிலில் கொட்டாதீர்கள், ஒரு துளி மாசு முழுப் பாட்டிலையும் கெடுத்துவிடும். தாமிரம் கலந்த கரைசல்கள் நீரில் வாழும் உயிர்களுக்கு நஞ்சு, தொட்டியில் ஊற்றாமல் ‘தாமிரக் கழிவு’ என்று எழுதிய தனிப் பாத்திரத்தில் சேருங்கள். நடுநிலையாக்கிய உப்புக் கரைசலையும் வினிகர்க் கலவையையும் நிறைய நீருடன் கழுவிவிடலாம். மிஞ்சிய துத்தநாகத் துண்டுகளைக் கழுவி உலர்த்தி எடுத்துவைத்தால் அடுத்த வகுப்புக்கு ஆகும். எரிந்த குச்சிகளை நீரில் நனைத்த பிறகே குப்பையில் போடுங்கள். வாயுக் குழாயை மூடியாயிற்றா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.